நாம் இழக்காத கார்

சமீபத்தில் நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த கவிதைகளில் நான்கில் ஒரு அமெரிக்கக் கார் வருகிறது. மூன்றில் அது கார்வெட். நான்காவதில் பெயர் இல்லை. சிவப்பு நிறமும் திறந்த கூரையும் மட்டும். நான்கிலும் அது போய்விட்டது, கவிஞர் ஏங்குகிறார். எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தக் காரில் உட்கார்ந்தவரல்ல. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் உட்கார்ந்ததில்லை. ஆனால் இழந்தவனின் குரல் இவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கார்வெட்டின் முதல் வண்டி 1953 ஜூன் 30ந் தேதி, மிச்சிகன் மாகாணத்து ஃப்ளின்ட் நகரில் வெளிவந்தது. அந்த வருஷம் செய்தவை மொத்தம் 300. எல்லாம் வெள்ளை, உள்ளே சிவப்பு. உடம்பு கண்ணாடி இழை. எஞ்சினோ ஷெவர்லேயின் சாதாரணக் குடும்பக் கார்களில் இருந்த ஆறு சிலிண்டர் வகைதான், கொஞ்சம் முடுக்கிவிட்டது. அடுத்த வருஷம் செய்ததில் பல வண்டிகள் விற்காமல் நின்றன. 1955ல் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்த பிறகுதான் அது பிழைத்தது. மகிமையெல்லாம் பின்னால் சேர்ந்தது. அமெரிக்கனின் ஏக்கத்திலேயே பாதி ஜோடனை. அந்த ஜோடனையை நாம் இரவல் வாங்கியிருக்கிறோம்.

இங்கே நடந்தது வேறு. 1928லிருந்து பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், இங்கேயே உற்பத்தி செய்யாதவர்களுக்கு இடமில்லை என்று சர்க்கார் சொன்னதும் 1954ல் கடையைக் கட்டியது. நமக்கு மிஞ்சியவை அம்பாஸிடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கார்வெட் நம் சாலைகளுக்கு வந்து போன வண்டி அல்ல. வராதது எப்படிப் போகும்?

உண்மையிலேயே போனதும் உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு 2022ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே கார் பூட்டிய கைகளைப் பற்றி நம் கவிஞர்களிடம் ஒரு வரி இல்லை. அது அமெரிக்கக் கார்தான், இழப்பும் நம்முடையதுதான். ஆனால் அதில் அழகு போதவில்லை போலும்.

'கவிஞன் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டுமா? கற்பனைக்கும் ரேஷனா?' என்று கேட்பார்கள். இல்லை. சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, திரையில் ஓடிய காருக்கு ஆசைப்பட்டேன் என்று எழுதட்டும். தரைக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் தூரம் அவருடைய அனுபவம். அதிலிருந்து கவிதை வரலாம். ஆசையை ஞாபகம் என்று சொல்லும்போது அந்தத் தூரம் காணாமல் போகிறது. என் ஆட்சேபம் அது ஒன்றுக்குத்தான்.

சாணார்பட்டியில் நாங்கள் காரைப் 'பிளஷர்' என்போம். இங்கிலீஷில் அதற்கு இன்பம் என்று அர்த்தம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வாடகைக்கு வரும் ஒரு பழைய ஷெவர்லே. கார்வெட்டின் எஞ்சினுக்குச் சொந்தக்கார எஞ்சின். 1964ல் எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிரசவம் ஆகவில்லை. ராத்திரி பிளஷர் வந்தது. 'மாமா, பின்னாடி கொஞ்சம் தள்ளுங்க' என்றார் டிரைவர் அப்பாவிடம். நத்தம் ரோட்டில் திண்டுக்கல்லுக்குப் போனோம். பின்சீட்டில் அப்பத்தா மடியில் அம்மா கத்திக்கொண்டிருந்தாள். நான் முன்சீட்டில். முதல்முறையாகக் காரில் போகிறேன். விளக்கு வெளிச்சத்தில் புளியமரங்கள் எழுந்து எழுந்து பின்னால் போயின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திண்டுக்கல் வந்துவிடக் கூடாதென்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் திரும்பினோம். அம்மா வந்தாள். குழந்தை இல்லை.

இருபத்தைந்து வயதில் இதை நானும் கவிதையாக்கினேன். வெளிச்சம் இருந்தது, புளியமரங்கள் இருந்தன, பெட்ரோல் வாசனைகூட இருந்தது. அம்மாவை விட்டுவிட்டேன். நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அச்சாயிற்று. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே நண்பர்கள்மேல் எனக்குள்ள கோபம் யோக்கியனின் கோபமல்ல. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவனின் கோபம். ஏக்கம் முதலில் பின்சீட்டைக் காலி செய்கிறது. நான் வருஷக்கணக்கில் செய்ததை அவர்கள் சுலபமாகச் செய்துவிட்டார்கள். கார்வெட் இரண்டு பேருக்கான வண்டி. அதில் பின்சீட்டே கிடையாது.