பதம் தொடங்கியதும் எழுந்தவர்கள்

கர்நாடக சங்கீதப் பாடகி டி. பிருந்தா பாடிய காலத்திலும் சென்னையில் கச்சேரிகளுக்குக் குறைவில்லை. கேட்கிற நாம்தான் வேறு அரங்கில் இருந்தோம். வீணை தனம்மாளின் பேத்தி, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்றெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும் அதிகம் போகவில்லை.

தங்கை முக்தாவோடு சேர்ந்து அவர் பாடிய க்ஷேத்ரக்ஞர் இயற்றிய பதங்களில் பரபரப்பு இருக்காது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல இழைந்து போகிற சங்கீதம் அது. நடுவில் கைதட்ட இடமே கிடையாது. நமக்கோ கைதட்ட வேண்டும், தாளம் விறுவிறுவென்று போக வேண்டும். பதம் கச்சேரியின் கடைசிப் பகுதியில்தான் வரும். அது தொடங்கியதும் பாதிப் பேர் பஸ்ஸைக் காரணம் சொல்லி எழுந்துவிடுவோம். சங்கீத கலாநிதி விருது 1976இல் வந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்குச் சபாக்களைத் திட்டலாம்தான். ஆனால் எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினோம் என்று நம்மையும் யாராவது கேட்க வேண்டுமே!

அவர் அருமை வித்வான்களுக்குத் தெரிந்திருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அவரிடம் கற்றுக்கொண்டார். ராம்நாட் கிருஷ்ணனும் அருணா சாய்ராமும் கற்றார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் அழைத்துப் பாடம் சொல்ல வைத்தது. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த நாம், நம் பிள்ளைகளைச் சீக்கிரம் மேடையேற்றும் வாத்தியாரைத் தேடிக்கொண்டிருந்தோம். "இந்த மாசம் எத்தனை கீர்த்தனை ஆச்சு?" என்பதுதான் நம் கேள்வி. அந்தப் பதங்களின் கமகம் நோட்டுப் புத்தகத்தில் அடங்காது. எதிரே உட்கார்ந்து, குருவின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தொண்டையில் ஏற்ற வேண்டும். அதற்கு நம் வீடுகளில் பொறுமை இருந்ததில்லை.

பிருந்தா 1996இல் காலமானார். அதன் பிறகு அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்து, சிலாகித்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். கேட்டு முடித்தோமா என்பது வேறு கதை.

நல்லவேளை, அந்தப் பாடம் அறுந்துபோகவில்லை. அவரிடம் கற்றவர்கள் பாடுகிறார்கள், சொல்லிக்கொடுக்கிறார்கள். வருகிற டிசம்பர் கச்சேரிகளில் யாராவது ஒரு பதத்தை எடுத்தால் முடியும்வரை உட்காரலாம். பாட்டு வாத்தியார் மாதக்கணக்கில் ஒரே பதத்திலேயே நின்றால், ஃபீஸைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீடு திரும்பலாம்.