மழை நாளில் யார் போனை எடுப்பார்கள்?

ஆகஸ்ட் 2018. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக மூணாறு காத்திருந்தபோது பெருமழைதான் முதலில் வந்தது. பெரியவரைப் பாலம் இடிந்து, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலை துண்டிக்கப்பட்டது. அப்படி ஒரு நாளில் மூணாறு விடுதிக்காரரின் வெப் பக்கத்துக்குத் தேவை ஒரே ஒரு வரி: ''இந்த வழியாக வராதீர்கள்.'' அதை அவரே சேர்க்க முடியுமா? முடியாவிட்டால் யார் போனை எடுப்பார்கள்? வெப் பக்கம் தயாரிக்கும் சாஃப்ட்வேரை இந்த இரண்டு கேள்விகளோடுதான் தேர்வு செய்ய வேண்டும். விளம்பரத்தில் மின்னும் டிசைன்களை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.

ஃப்ரன்ட்பேஜ் கதை இதற்கு நல்ல பாடம். அதை உருவாக்கிய வெர்மீர் நிறுவனத்தை 1996 ஜனவரியில் சுமார் 13 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வேர்டு தெரிந்தவருக்கு ஃப்ரன்ட்பேஜும் கைவந்துவிடும். ஆனால் அதில் செய்த படிவங்கள் இயங்க, சர்வரிலும் அதன் துணை மென்பொருள் இருக்க வேண்டும். 2006-ல் ஃப்ரன்ட்பேஜுக்கே மூடுவிழா நடந்தது. துணை மென்பொருளை சர்வர்காரர் நீக்கிவிட்டால் கதை முடிந்தது. பக்கம் என்னவோ பார்க்க அழகாகத்தான் இருக்கும். முன்பதிவுகள் மட்டும் வந்து சேராது.

தமிழுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. முன்பு ஆளுக்கொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. யூனிகோடு பரவிய பிறகுதான் குழப்பம் அடங்கியது. ஆனாலும் டிடிபி சென்டர்களின் பழைய ஃபைல்கள் இன்னும் வெப் பக்கத்துக்குள் நுழையத்தான் செய்கின்றன. சோதிப்பது எளிது. 'கொழிஞ்சாம்பாறை' என்று டைப் செய்து, பக்கத்தை செல்போனில் திறந்து, அந்தப் பெயரை காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக் குப்பை வந்து விழுந்தால், அந்த ஊரைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது.

கம்பெனியின் சேவையையும் பணம் கட்டும் முன்பே சோதித்துவிடலாம். ''உங்கள் சேவை எப்படி?'' என்று கேட்டால் ''பிரமாதம்'' என்றுதான் பதில் வரும். ''நான் விலகினால் என் பக்கங்களையும் படங்களையும் எப்படி எடுத்துப் போவது?'' என்று கேட்க வேண்டும். மழுப்பினால் வேறு கடை பார்ப்பது நல்லது. நேரமும் முக்கியம். கலிபோர்னியாவில் காலை 9 மணி என்றால் மூணாறில் இரவு 9.30 அல்லது 10.30!

கேரளப் பள்ளிகளின் வழியே வேறு. அவற்றின் 'ஸ்கூல்விக்கி' தளம் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே இலவச மென்பொருளில் ஓடுகிறது. தளத்தின் மொழி மலையாளம் என்பது தமிழ்ப் பள்ளிகளுக்குச் சங்கடம்தான். ஆனால் சித்தூரிலோ தேவிகுளத்திலோ இருக்கும் ஆசிரியர் தடுமாறினால், உதவ அரசின் 'கைட்' நிறுவனப் பயிற்சியாளர் அதே மாவட்டத்தில் இருக்கிறார்.

விடுதிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவசரத்துக்குப் பக்கத்து ஊர் டிடிபி பையனைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பையனுக்குப் பழக்கமான சாஃப்ட்வேரையே வாங்குவது உத்தமம் - பாஸ்வேர்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டு.