தோழன் மகன் என்பது போதாதா?

காலித் ஹுசைனியின் ‘பட்ட விரட்டி’யைப் படித்தவர்கள் முதலில் பேசுவது ஒரு சந்தில் நடந்ததைப் பற்றித்தான். 1975 குளிர்காலம், காபூல். மாஞ்சா நூல் அறுத்த விரல்களோடு அமீர் பட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டான். அவன் அறுத்த கடைசி நீலப் பட்டத்தைப் பிடித்துவர, வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன் ஓடுகிறான். ஆசெஃப் என்ற முரடனும் கூட்டாளிகளும் அவனைச் சந்தில் மடக்குகிறார்கள். பட்டத்தைக் கொடுத்திருந்தால் ஹசன் தப்பியிருப்பான், கொடுக்கவில்லை. அவனுக்கு நடந்த பாலியல் கொடுமையை அமீர் ஒளிந்து நின்று பார்க்கிறான், பிறகு ஓடிவிடுகிறான்.

12 வயதுப் பையனின் பயம் அது. மன்னித்துவிடலாம். அடுத்து அவன் செய்வதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பிறந்தநாள் பரிசாக வந்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கடியில் செருகிவைக்கிறான். ஹசன் வீட்டில் இருக்கும்வரை தன் கோழைத்தனம் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கும் அல்லவா? அப்பா விசாரிக்கும்போது, தான்தான் எடுத்ததாக ஹசன் ஒப்புக்கொள்கிறான். திருட்டைத் தவிர வேறு பாவமே இல்லை என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அப்பா. அந்தப் பாவத்தைத்தான் ஹசன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்.

குற்ற உணர்வு மனிதனை உடனே திருத்திவிடுவதில்லை. யாருக்குத் தீங்கு செய்தானோ, அவனையே முதலில் வெறுக்கவைக்கிறது. இதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல்கள் குறைவு.

துரோகம் அமீரோடு தொடங்கவும் இல்லை. அமீரின் அப்பாவும் அலியும் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்கள். அந்த அலியின் மனைவிக்கு அப்பா மூலம் பிறந்தவன் ஹசன். இது தெரியாமலே ஹசன் வளர்ந்தான், தெரியாமலே செத்தான்.

பல வருடங்கள் கழித்து, 2001இல் பெஷாவரில், அப்பாவின் நண்பர் ரஹீம் கான், அமெரிக்காவில் குடியேறிவிட்ட அமீரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறார். ஹசனையும் அவன் மனைவியையும் தாலிபான்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மகன் சொஹ்ராப் காபூலில் அனாதை இல்லத்தில் இருக்கிறான், போய் அழைத்து வா. அமீர் மறுக்கிறான். பணம் தருகிறேன், வேறு யாரையாவது அனுப்பலாம் என்கிறான். ஹசன் உன் தம்பி என்ற உண்மை உடைந்த பிறகுதான் கிளம்புகிறான். கதையில் மிகவும் உறுத்தும் இடம் இது. கூடவே வளர்ந்தவனின் மகன் என்பது போதவில்லை. ரத்தம் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் ஆப்கன் வரலாற்றில் இருக்கிறது. அமீர் பஷ்தூன், சுன்னி. ஹசன் ஹஸாரா, ஷியா. 1890களில் மன்னர் அப்துர் ரஹ்மான் ஹஸாராக்களை ஒடுக்கினார். 1998 ஆகஸ்டில் மஸார்-இ-ஷரீஃபில் தாலிபான்கள் அவர்களைக் கொன்று குவித்தனர். நாவல் 2007இல் படமானபோதும் இந்தப் பிளவு சும்மா இருக்கவில்லை. பழிவாங்கல் வருமென்ற அச்சத்தில் வெளியீடு தள்ளிப்போனது, நடித்த சிறுவர்கள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆப்கன் அரசு படத்தைத் தடைசெய்தது.

நாவலில், சொஹ்ராபை மீட்ட பிறகும் அமீர் தவறுகிறான். இனி அனாதை இல்லம் இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விசா சிக்கலில் மறுபடியும் அனாதை இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறான். பையன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு சாப்பாட்டு மேசையில், இந்த ஹஸாராப் பையன் ஏன் இங்கே என்று மாமனார் கேட்க, அமீர் அப்பாவின் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான்; இனி சொஹ்ராபைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும் என்கிறான். முதல் முறையாக ஹசன் பக்கம் நின்று வாயைத் திறக்கிறான். அங்கும் அவன் முன்வைக்கும் நியாயம், சொஹ்ராப் தன் தம்பி மகன் என்பதுதான்.