பல்லவிக்குத் திரும்பும் வழி



கீர்த்தனை சுற்றிச் சுற்றி வரும். ஸ்லைடு முன்னே மட்டும் போகும். திரையைப் பார்த்துப் பாடும்போது நம் ஆராதனையில் வருகிற தடுமாற்றத்துக்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறோம்.

பவர்பாயிண்ட் 1987-இல் வெளிவந்தது. அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை பேசி முடிப்பதற்கு ஏற்றபடி அமைந்தது அது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நமக்குத் தந்த கீர்த்தனைகளோ ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்கே திரும்புகின்றன. பாட்டுப் புத்தகத்தில் சரணத்தின் முடிவில் பல்லவியின் முதல் சொல்லை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். கண் தானாக மேலே போய்விடும். புத்தகம் அவரவர் கையில் இருந்தது. திரை வந்தபின் ஒருவருடைய விரல்தான் சபை முழுவதற்கும் பக்கம் திருப்புகிறது.

தன்லியினில் இது சின்ன விஷயம் அல்ல. நம் பாட்டிமாருக்குப் பாட்டு மனப்பாடம். பிள்ளைகள் படிப்பதோ பர்மிய மொழியில். தமிழ்ப் பாட்டையும் பர்மிய எழுத்தில் போட்டால்தான் பலருக்கு வாசிக்க வருகிறது. சபையார் பல்லவியைப் பாடும்போது திரை மூன்றாம் சரணத்திலேயே நின்றால், பாட்டி பாடிக்கொண்டே இருப்பார்; பக்கத்தில் நிற்கும் பேத்தி வாயை மூடிக்கொள்வாள். வாரத்தில் அவள் தமிழில் வாய்திறந்து பாடுவது அந்த ஒரு வேளைதான்.

ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவியை நகல் எடுத்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பாட்டு நடத்துகிறவர் ஒரு சரணத்தை விட்டுவிட்டாலோ, பல்லவியை இன்னொரு முறை பாடச் சொன்னாலோ அந்த வரிசை குலைந்துவிடும்.

எளிய வழி இருக்கிறது. காட்சி ஓடும்போதே ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகலாம். பல்லவி 14-ஆம் ஸ்லைடில் இருந்தால் 1, 4, என்டர். ஜெபவேளையில் ஆங்கில 'பி' எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும். மறுபடி தட்டினால் திரும்பி வரும்.

வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எமர்ஜென்சி டிராலியில் எந்த மருந்து எந்த டிராயரில் என்பதை நினைத்தபடி மாற்ற மாட்டோம். அவசரத்தில் தேட நேரம் கிடையாது. பாட்டு ஸ்லைடுகளும் அப்படித்தான். ஒவ்வொரு பாட்டின் பல்லவி எண்ணையும் சரண எண்களையும் ஒரு சீட்டில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வையுங்கள். எழுதியபின், காலையில் வருகிற அறிவிப்பை நடுவில் சொருகாதீர்கள். அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். கடைசியில் சேருங்கள்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு லேப்டாப் பார்க்கிறவரும் வரட்டும். அவரும் பாடகர் குழுவில் ஒருவர்தானே! பாட்டுப் புத்தகங்களையும் அலமாரியில் பூட்டிவிட வேண்டாம். கரண்ட் போனாலும் பாட்டு நிற்கக் கூடாது.