கணினியும் தமிழாசிரியரும்

“எல்லாவற்றையும் கணினியே சொல்லிவிடுமாயின் தமிழாசிரியருக்கு இனி என்ன வேலை?” ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழும் வினா இது. கேட்பவர்கள் உழைப்புக்கு அஞ்சுவோர் அல்லர். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டே நன்மாணாக்கர் பலரை உருவாக்கியவர்கள். ஆதலின் அவ்வினாவை எள்ளி நகையாடாது எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.

யானும் ஒரு காலத்தில் அக்கட்சியைச் சேர்ந்தவனே. கணினியில் எழுதும் தமிழில் உயிரில்லை என்று பேசித் திரிந்தேன். உண்மை என்னவெனில், எனக்குத் தமிழ்த் தட்டச்சுத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒருநாள் வகுப்பிலே, திரையில் ஒரு சொல்லை எழுத முனைந்து, ‘ஞ’கரம் எந்த விசையில் உள்ளது என்று அறியாமல் திகைத்து நின்றேன். “ஐயா, நான் காட்டட்டுமா?” என்று ஒரு மாணவர் எழுந்து வந்தார். நாணத்தால் முகம் சிவந்தது. எனினும் அன்று மாலையே அவரருகில் அமர்ந்து பயிலத் தொடங்கினேன். அவர் எனக்கு விசைகளைக் காட்டினார். நான் அவர் எழுதியவற்றில் ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். நம்மைத் தடுப்பது இயந்திரத்தின்மீது கொண்ட வெறுப்பன்று, மாணவர் முன் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமே என்பதை அன்று உணர்ந்தேன்.

புதிய கருவி வரும்போது தமிழறிந்தோர் ஒதுங்கி நிற்பது நம் மரபன்று. ஓலைச்சுவடிகளில் வழங்கிய உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். அச்சு இயந்திரம் அந்நாளில் புதுமையே. ஆயினும் புலவர் ஒருவர் அதனருகில் சென்று நின்றார். அதனால் காப்பியம் வாழ்ந்தது.

கணினிக்கும் அத்தகையோர் வாய்த்தனர். சிங்கப்பூரில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றிய நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1997இல் அங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். அவர் தமிழாசிரியர் என்பதை நாம் மறத்தலாகாது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி யாவர்க்கும் இலவசமாக வழங்கியது. நம் புதுவை நகரிலேயே, பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் இணைந்து 2007இல் தேவாரத்தைக் குறுந்தகட்டில் வெளியிட்டன. நம் ஊர் வீதிகளில் நடந்த பணியை நம் வகுப்பறை அறியாதிருப்பது தகுமா?

வகுப்பில் இதன் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டு. ‘தமிழ்’ என்னும் சொல் திருக்குறளில் ஓரிடத்தும் வரவில்லை என்று நாம் சொல்ல, மாணவர் நம்பிக் குறித்துக்கொள்வர். இன்று 1330 குறட்பாக்களையும் நொடியில் தேடி அவர்களே கண்டுகொள்ளலாம். ஆனால் வள்ளுவர் ஏன் அச்சொல்லை ஆளவில்லை என்ற வினா அப்போதுதான் பிறக்கிறது. தேடித் தருவது கருவியின் வேலை. அந்த வினாவை எழுப்பி, மாணவரோடு ஆராய்வது ஆசிரியரின் வேலை.

இடரும் இல்லாமல் இல்லை. செயற்கை நுண்ணறிவு இன்று கட்டுரை எழுதித் தருகிறது. சில வேளைகளில் இல்லாத பாடலை இருப்பதுபோலவும், ஒரு புலவரின் பாடலை வேறொருவர் பெயரிலும் தந்துவிடுகிறது. மாணவர் அதனை அப்படியே படியெடுத்து வருகின்றனர். பொய்யை மெய்யினின்று பிரித்துக் காட்ட வல்லவர் யார்? மூலநூல்களில் ஊறிய தமிழாசிரியர்தாமே! ஆனால் அக்கருவியைக் கையால் தொட்டும் அறியாதவர் அதன் பிழையை எங்ஙனம் கண்டுபிடிப்பார்? ழகரத்தை நாவில் பழக்குவதும், ஒரு செய்யுளை ஓசை கெடாமல் படித்து உள்ளத்தைத் தொடுவதும் என்றும் ஆசிரியர்க்கே உரியன. அவற்றைக் காப்பதற்காகவேனும் நாம் கருவியை அறிதல் வேண்டும்.

கல்லூரிகளை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கணினிகளை வாங்கி அறையில் பூட்டி வைப்பதால் பயனில்லை. தமிழ்த்துறை ஆசிரியர்க்குப் பயிற்சியும், பயிலுதற்கு ஓய்வு நேரமும் நல்குங்கள். பெரும்பாலும் அறிவியல் துறைகளுக்கே முதலில் கிடைக்கும் இவ்வசதி மொழித்துறைக்கும் கிட்டட்டும்.

தோழமை ஆசிரியர்களே, தெரியாததை மாணவரிடம் கேட்டறிவது இழிவன்று. கற்பதை நிறுத்தாத ஆசிரியரைக் காணும் மாணவர், தாமும் வாழ்நாள் முழுதும் கற்பர். நாளையே வகுப்பில் ஒரு மாணவரை அழைத்து, “தம்பி, இதை எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேட்டுத்தான் பாருங்களேன்!