ஏற்காடு ஏறும் பழைய இ.வி... அப்டேட் கைகொடுக்குமா?

'சேலத்தில் 2020 மாடல் நெக்ஸான் இ.வி. ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர், "எல்லா அப்டேட்டும் போட்டாச்சுங்க. புது வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லீங்க" என்கிறார். நம்பி வாங்கலாமா?' என்று ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நாளாகவே இந்த மாதிரிக் கேள்விகள் வருகின்றன. வராமல் இருக்குமா? நெக்ஸான் இ.வி. விற்பனைக்கு வந்தது 2020 ஜனவரியில். முதல் முதலாக வாங்கியவர்கள் பெரிய பேட்டரிக்கு மாற ஆசைப்படுகிறார்கள். அவர்கள் விடும் வண்டிகள் யார்டுகளில் பளபளவென்று நிற்கின்றன. விலையைப் பார்த்தால் யாருக்கும் சபலம் தட்டும்.

விற்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் போதும், லட்ச ரூபாய் கணக்கில் ஏமாறாமல் தப்பிக்கலாம்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கம்பெனியிலிருந்து சேஸிஸாக வரும் லாரிக்கு இங்கேதானே பாடி கட்டுகிறோம்? கேபினை மாற்றலாம், பாடியைப் பிரித்துப் புதிதாகக் கட்டலாம், பெயின்ட் அடித்து லைட் போட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தலாம். ஆனால், இன்ஜின் எவ்வளவு இழுக்கும், ஆக்ஸில் எத்தனை டன் தாங்கும் என்பது சேஸிஸ் வந்த அன்றைக்கே முடிவான விஷயம். எலெக்ட்ரிக் காரில் சாஃப்ட்வேர் என்பது பாடி வேலை. பேட்டரி, மோட்டார், சார்ஜர் எல்லாம் சேஸிஸ்.

முதலில் நல்ல செய்தியைப் பார்த்துவிடுவோம். 2022 ஜூலையில் டாடா கம்பெனி ஒரு காரியம் செய்தது. நெக்ஸான் இ.வி.க்கு 'பிரைம்' என்று பெயர் சூட்டி, க்ரூஸ் கன்ட்ரோல், டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கை, ரீஜென் பிரேக்கிங்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஆகியவற்றைச் சேர்த்தது. அதோடு நிற்காமல், ஏற்கெனவே வாங்கியிருந்த 22,000-க்கும் மேற்பட்டவர்களுக்கும் சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட்டாக, இலவசமாகவே தருகிறோம் என்றது. பெட்ரோல் கார் காலத்தில் இப்படி நடந்ததுண்டா? வாங்கி இரண்டரை வருடம் கழித்து, கம்பெனியே கூப்பிட்டு வசதி கூட்டித் தருவது பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

இது எப்படி முடிந்தது? டயர் எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக டயருக்குள் எந்த சென்சாரையும் புதிதாக மாட்டவில்லை. காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் சிறுத்துவிடும்; அதனால் மற்ற மூன்றையும்விட ஒரு துளி வேகமாகச் சுற்றும். சக்கரங்களின் வேகத்தை அளக்கும் சென்சார் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக முன்பே காரில் இருக்கிறது. அந்தத் தகவலை வைத்துக் கணக்குப் போடுவதற்கு மட்டும் புது சாஃப்ட்வேர் கற்றுக்கொடுத்தது. ரீஜென்னும் அப்படித்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதை முடிவு செய்வது சாஃப்ட்வேர்.

நம்மூருக்கு இதில் நிஜமான லாபம் உண்டு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போகிறீர்கள். ஏறுகிற உயரம் சுமார் 1,200 மீட்டர். வண்டியும் நான்கு பேருமாகச் சேர்ந்து 1,700 கிலோ என்று வைத்தால், உயரத்தை ஏறுவதற்கு மட்டுமே ஐந்தரை யூனிட் மின்சாரம் ஆகும். இறங்கும்போது அதில் பாதி திரும்பக் கிடைத்தாலும், சமதளத்தில் கிட்டத்தட்ட 20 கி.மீ. ஓட்டலாம். பிரேக்கும் சூடாகாது. ரீஜென்னைக் கூட்டி வைத்துக்கொள்ளும் வசதி இங்கேதான் கைகொடுக்கும். ஒரு எச்சரிக்கை: ஏற்காட்டு ஹோட்டலில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, 100 சதவிகிதத்தோடு காலையில் இறங்க ஆரம்பித்தால், நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பேட்டரியில் இடம் இல்லாததால் ரீஜென் குறைந்துவிடும். எந்த அப்டேட்டாலும் இதை மாற்ற முடியாது.

இனி சேஸிஸ் பக்கம் வருவோம்.

2020 மாடலின் பேட்டரி 30.2 யூனிட். 2022 மே மாதம் வந்த 'மேக்ஸ்' மாடலில் 40.5 யூனிட். 2023 பிப்ரவரியில் மேக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஓர் அப்டேட் வந்தது. சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 437 கி.மீ.யிலிருந்து 453 ஆனது. அதே பேட்டரி, அதே மோட்டார், 16 கி.மீ. கூடுதல். நல்லதுதான். ஆனால், அந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள்: 4 சதவிகிதம்கூட இல்லை. சாஃப்ட்வேரைத் தீட்டித் தீட்டி எடுத்தாலும் கிடைப்பது அவ்வளவுதான். சின்ன பேட்டரியும் பெரிய பேட்டரியும் சமமாக வேண்டுமானால், உள்ளே பத்து யூனிட்டுக்கு செல் வைக்க வேண்டும்.

அடுத்தது சார்ஜர். வீட்டில் ப்ளக் போடும்போது ஏ.சி. மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றுகிற பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது. 2020 மாடலில் அது 3.3 கிலோவாட். காலியான பேட்டரி நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பெரிய சார்ஜிங் பாக்ஸ் மாட்டினாலும் வேகம் கூடாது. மேக்ஸிலேகூட 7.2 கிலோவாட் சார்ஜர் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான் கிடைத்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. 'மேக்ஸ்தானே' என்று வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து முழிக்காதீர்கள். எந்த சார்ஜர் என்று பில்லில் பாருங்கள்.

ஹைவே ஃபாஸ்ட் சார்ஜரிலும் இதே கதைதான். பழைய நெக்ஸான் இ.வி. 80 சதவிகிதம் வரை ஏற ஒரு மணி நேரம் என்பது கம்பெனி கணக்கு. அதாவது சுமார் 25 கிலோவாட் வேகம். பக்கத்தில் 60 கிலோவாட் என்று எழுதிய மெஷின் இருந்தாலும், காரின் வாய் அவ்வளவுதான் திறக்கும்.

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். சேலம் - கோவை சுமார் 165 கி.மீ. யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால், புதிதில் 210 கி.மீ. ஓடியிருக்கும். நிம்மதியாகப் போய்ச் சேரலாம். பேட்டரி தேய்ந்து 85 சதவிகிதம் ஆகிவிட்டது என்று வையுங்கள், 180 கி.மீ.தான். மே மாத வெயிலில் ஏ.சி.யைப் போட்டு நூறில் விரட்டினால் அதிலும் குறையும். அவிநாசி தாண்டுவதற்குள் மனசு பக் பக் என்று அடித்துக்கொள்ளும். வழியில் ஒரு டீ, ஒரு சார்ஜ் என்று திட்டமிடுகிறவருக்குப் பிரச்னை இல்லை. மாதம் நான்கு முறை கோவை ஆஸ்பத்திரிக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகிற குடும்பத்துக்கு யோசனை வேண்டும்.

டாஷ்போர்டு இந்தத் தேய்மானத்தைச் சொல்லாது. பேட்டரி எவ்வளவு சுருங்கினாலும் முழு சார்ஜில் 100 சதவிகிதம் என்றே காட்டும். அது மிச்சமிருக்கும் கொள்ளளவில் நூறு. சில சமயம் அப்டேட்டுக்குப் பிறகு ரேஞ்ச் கூடியதாகத் தெரிவதும் கணக்குப் போடும் முறை மாறியதால் இருக்கலாம். பேட்டரி வளர்ந்துவிடவில்லை.

அப்போ அப்டேட்டால் ரேஞ்ச் கூடவே கூடாதா? ஒளித்து வைத்திருந்தால் கூடும். 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை 'இர்மா' புயல் நெருங்கியபோது, அங்கிருந்த சில டெஸ்லா கார்களின் ரேஞ்சை கம்பெனி இருந்த இடத்திலிருந்தே கூட்டிவிட்டது. அந்தக் கார்களில் முதலிலேயே பெரிய பேட்டரியை வைத்து, சாஃப்ட்வேரால் பூட்டு போட்டு, குறைந்த விலைக்கு விற்றிருந்தார்கள். பூட்டைத் திறந்தார்கள், அவ்வளவே. நம்மூர் மஹிந்திரா இ2ஓ-விலும் 2013-லேயே இப்படி ஒன்று இருந்தது. நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் 'ரிவைவ்' என்ற வசதி மூலம், ஒதுக்கி வைத்த கொஞ்சம் சார்ஜைத் திறந்துவிடுவார்கள். பக்கத்து ஊர் வரை போகலாம்.

பழைய ஹார்டுவேரை சாஃப்ட்வேரே தின்றுவிட்ட கதையும் உண்டு. 2018 ஆரம்பம் வரை தயாரான டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக்குள் 8 ஜி.பி. மெமரி சிப் ஒன்று இருந்தது. சாஃப்ட்வேர் ஓயாமல் அதில் எழுதி எழுதி அழித்ததில் சிப் தேய்ந்து, திரை இருண்டது. ரிவர்ஸ் கேமராவும் போனது. 2021-ல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்துப் பாகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 2016 வரை தயாரான நிஸான் லீஃப் கார்களுக்கு 2024 ஏப்ரலோடு மொபைல் ஆப் நின்றுபோனது. அந்தக் கார்களுக்குள் இருந்தது 2ஜி கருவி. அந்த நெட்வொர்க்குக்கு அங்கே மூடுவிழா. கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால், வீட்டிலிருந்தே ஏ.சி.யை ஆன் செய்த சுகம் போச்சு. அதனால் ஆப் வசதிக்கென்று பழைய காருக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்பேன்.

ராசிபுரம் வாசகருக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். அதற்கு வீட்டு இ.பி. மீட்டர் போதும். 20 சதவிகிதத்தில் இருக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டு ராத்திரி சார்ஜ் போடுங்கள். 100 ஆனதும் மறுபடி பாருங்கள். சார்ஜ் ஏறும்போது பத்து சதவிகிதம் வீணாவதைச் சேர்த்தால், புது பேட்டரிக்கு 27 யூனிட் ஓடியிருக்க வேண்டும். 23-லேயே நின்றுவிட்டால் பேட்டரி 85 சதவிகிதம் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். தோராயம்தான், ஆனால், விற்பவரின் வாய் வார்த்தையைவிட மேல். அன்று ராத்திரி மட்டும் வீட்டில் ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் ஓடக் கூடாது. ஃபிரிட்ஜைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை வாரன்டி. 2020-ல் ரோட்டுக்கு வந்த வண்டிக்கு அது 2028-ல் முடியும். உங்கள் பெயருக்கு அது மாறுமா என்று ஆர்.சி. மாற்றுவதற்கு முன்பே டீலரிடம் எழுதி வாங்குங்கள். ராசிபுரம், சேலம், நாமக்கல் என்று தினம் எண்பது, நூறு கி.மீ. ஓடி, ராத்திரி வீட்டில் சார்ஜ் போடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். விலை பேசும்போது அப்டேட்டைப் பற்றி அவர் பேசட்டும். நீங்கள் மீட்டர் காட்டிய யூனிட்டைப் பற்றிப் பேசுங்கள்.