மாட்டு வண்டிக்கு முட்டு உண்டு, டிரைலருக்கு ஏன் இல்லை?

கீழக்குயில்குடி, நாகமலை சுற்றுவட்டார சிறு, குறு விவசாயப் பெருமக்களே! கூலி வேலைக்குப் போகும் தோழர்களே! தாய்மார்களே!



உர விலைக்கு நோட்டீஸ் போட்டிருக்கிறோம். நெல் விலைக்குப் போட்டிருக்கிறோம். கண்மாய் மராமத்துக்குப் போட்டிருக்கிறோம். இந்த நோட்டீஸ் நம்ம இடுப்பைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

டிராக்டரில் டிரைலர் மாட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். டிரைலருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, அதன் நுனியில் வளையம். அதை இந்த நோட்டீசில் மூக்கு என்றே சொல்கிறேன். மூக்கு மண்ணில் புதைந்து கிடக்கும். ரெண்டு பேர் குனிந்து அதைத் தூக்குவார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார். மூன்றாவது ஆள் கையில் பின்னை வைத்துக்கொண்டு நடுவில் நிற்பான். "தூக்குய்யா... இன்னும் கொஞ்சம்... வாண்ணே வா வா வா... போதும் போதும்!" ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வருகிற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தப்பினால் மறுபடி முதலில் இருந்து.

இது ஒரு நாள் வேலையா? எரு அடிக்க, கதிர் ஏற்ற, வைக்கோல் கொண்டுவர, செங்கல் இறக்க... தினமும் நடப்பது.

எனக்கு அப்போது நாற்பத்தி ஒரு வயது. வாடகை டிரைலரில் எரு அடித்துக்கொண்டிருந்தோம். மூக்கைத் தூக்கினேன். இடுப்பில் 'கடக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் மூன்று மாதம் பாயில் கிடந்தேன். சவ்வு விலகி விட்டது என்றார்கள். நாலு ஆடு விற்றோம். அந்தப் போகம் நடவு இல்லை. என் வீட்டுக்காரிதான் கூலிக்குப் போய்க் கஞ்சி ஊற்றினாள். இன்றைக்கும் மழை மேகம் கட்டினால் என் இடது கால் எனக்கு முன்னாடியே சொல்லிவிடும்.

என் கதையைச் சொல்லி அனுதாபம் தேட வரவில்லை. உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டாமல் எழுந்து நிற்கிறவர் எத்தனை பேர்? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். வயசு மட்டும் செய்த வேலையா இது?

கணக்குப் பார்ப்போம்

ரெண்டு சக்கர டிரைலருக்கு அச்சு சரியாக நடுவில் இருக்காது. கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வைப்பார்கள். அதனால் பாரத்தில் ஒரு பங்கு எப்போதும் மூக்கில் இறங்கும். காலி டிரைலர் ஒரு டன் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு மூக்குக்கு வந்தாலே 100 கிலோ. ரெண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 50 கிலோ. பாரத்தோடு சேர்த்து நாலு டன் என்றால் அதே கணக்கில் மூக்கில் 400 கிலோ. அதை மனிதன் தூக்கவே கூடாது. பின்பக்கம் அதிகமாக ஏற்றியிருந்தால் இன்னொரு ஆபத்து. பின்னை உருவினதும் மூக்கு சடாரென்று மேலே எழும்பி தாடையைப் பெயர்த்துவிடும்.

எவ்வளவு தூக்கலாம்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் சொன்ன பரிந்துரை: ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைச் சீக்கிரமே 55-க்குக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்கு இன்னும் கறார். நல்ல பிடி வேண்டும், உடம்பை ஒட்டிச் சுமை இருக்க வேண்டும், குனியவோ திரும்பவோ கூடாது. இத்தனையும் சரியாக இருந்தாலே 23 கிலோதான். நம்ம டிரைலர் மூக்கு எங்கே இருக்கிறது? தரையில். பிடி எப்படி? வழுக்குகிற கிரீஸ். நிற்கிற இடம்? சேறு.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மூக்கு ஏன் தரைக்குப் போனது?

நம்ம அப்பா காலத்து மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். மாட்டை அவிழ்த்தால் வண்டியைக் குப்புறப் போடுவோமா? நுகத்தடிக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துவோம். மாடு பூட்டுகிற உயரத்திலேயே வண்டி நிற்கும். காலையில் மாட்டைக் கொண்டுவந்து பூட்ட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத தச்சாசாரிக்குத் தெரிந்த சூத்திரம், லட்சக்கணக்கில் விலை போட்டு டிரைலர் விற்கிறவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். வெளிநாட்டு டிரைலர்களில் மூக்கோடு சேர்த்தே திருகு ஸ்டாண்டு வரும். கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும். கழற்றும்போது எந்த உயரத்தில் விட்டோமோ, மாட்டும்போது அதே உயரத்தில் இருக்கும். தூக்குகிற வேலையே கிடையாது. நம்ம ஊர்ப் பக்கம் வருகிற டிரைலர்களில் எத்தனையில் அது இருக்கிறது? கேட்டால், "ஆள் இருக்காங்கல்ல, தூக்கிக்கிருவாங்க" என்று பதில். நாலு உரமூட்டை விலைகூட வராத ஒரு ஸ்டாண்டை மிச்சப்படுத்த நம்ம முதுகெலும்பை ஸ்டாண்டாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். இதுதான் நம் குற்றச்சாட்டு!

சட்டம் வரப்பு வரைக்கும்தானா?

1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் 34-ம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பளுவை யாரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக் கூடாது என்றது. அது ஆலைக்குள் இருப்பவர்களுக்கு. நம்ம வயல் ஆலை இல்லையாம். அந்தச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நாலு தொகுப்புகளும் அமல். தொகுப்பு எத்தனை வந்தாலும் நம்ம வரப்பில் வந்து நிற்கும் அதிகாரி யார்?

1923-ம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் டிராக்டர் கொண்டு செய்யும் விவசாய வேலையும் இருந்தது. ஆனால் உள்ளதைப் பேசுவோம். இழப்பீடு கொடுக்க வேண்டியது வேலைக்கு வைத்தவர். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற நம்மிடம் கூலித் தோழர் வந்து கேட்டால் எதை எடுத்துக் கொடுப்போம்? இருக்கிற மாட்டையா? அடி பட்டவனும் ஏழை, கொடுக்க வேண்டியவனும் ஏழை. டிரைலர் செய்து விற்றவர் மட்டும் நடுவில் இல்லை! முதலமைச்சர் பெயரில் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, விபத்துக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் இருபது வருஷமாகத் தேய்ந்த இடுப்புக்கு எந்தத் தேதியில் விபத்து என்று மனு எழுதுவது?

வழியே இல்லையா? இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்தில் தொழிலாளர்களின் கைகள் போனபோது, 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 'பார்த்து வேலை செய்யாதது கூலிக்காரன் தப்பு' என்று விடாமல், இயந்திரத்தைச் செய்து விற்கிறவனையும் சட்டம் கட்டுப்படுத்தியது. விவசாயத்திலும் கிராமத்திலும் ஓடுகிற வேறு ஆபத்தான இயந்திரத்தையும் அறிவிக்கை போட்டுச் சேர்க்க அதில் இடம் இருக்கிறது. டிரைலர் இயந்திரமா என்று கேட்பார்கள். டிராக்டர் பின்னால் மாட்டி நாலு டன் இழுக்கிறது இயந்திரம் இல்லாமல் வேறென்ன?

"பாரத்தைக் குறைப்பது அவ்வளவு சுலபமா" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-ல் 45 கிலோ ஆனது. நம்ம முதுகுக்காக இல்லை, யூரியாச் செலவைக் குறைக்க. எதற்காகவோ இருக்கட்டும். அரசாங்கம் நினைத்தால் ஒரு உத்தரவில் நாடு முழுவதும் மூட்டை இளைக்கும் என்பது தெரிந்ததா இல்லையா?

நம்ம மேலும் தப்பு உண்டு

சங்கத்துக்காரன் அடுத்தவனை மட்டும் குறை சொல்லக்கூடாது. நம்ம பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். தூக்கினவனுக்குக் கைதட்டல். அது வருஷத்துக்கு ஒரு நாள். அந்த வீராப்பை டிரைலர் மூக்கிலும் காட்டுகிறோம். "என்னடா, இதைத் தூக்க ஜாக்கி கேக்குறே, பொம்பளையாடா நீ?" என்று தம்பிமார்களைக் கேலி செய்கிறோம். அந்தப் பொம்பளைதான் நீ படுத்த பிறகு உன் வீட்டைத் தூக்கி நிறுத்துகிறாள். கேலியை இன்றோடு விடுவோம்.

ஸ்டாண்டு வரும் வரைக்கும் செய்ய வேண்டியது

1. பாரத்தை இறக்கிய பிறகுதான் பின்னை உருவ வேண்டும். சமதரையில் மட்டும் கழற்ற வேண்டும்.

2. முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுங்கள். அடுத்து மூக்குக்குக் கீழே உறுதியான முட்டு. அதற்கப்புறமே பின். மூக்கு தரையைத் தொடவே கூடாது.

3. தரையில் விழுந்துவிட்டதா? கையால் தூக்காதீர்கள். லாரிக்காரர் வைத்திருக்கும் ஜாக்கி போதும். மண்ணில் புதையாமல் இருக்க அடியில் பலகை போடுங்கள்.

4. ஜாக்கி இல்லையா? அஞ்சடிக் கடப்பாரை எடுங்கள். மூக்குக்கு அடியில் போன நுனியில் இருந்து அரையடி தள்ளி ஒரு கட்டையை அணை வையுங்கள. இந்தப் பக்கம் நாலரையடி, அந்தப் பக்கம் அரையடி. ஒன்பதில் ஒரு பங்கு பலம் போதும். 100 கிலோ மூக்குக்கு 11 கிலோ அழுத்தினால் கிளம்பும். ஒரு தடவைக்கு ரெண்டு அங்குலம்தான் ஏறும். ஏறினதும் இன்னொருத்தர் பக்கவாட்டில் இருந்து கட்டையைத் தள்ளி முட்டுக் கொடுக்கட்டும். கையோ காலோ அடியில் போகக் கூடாது.

5. டிராக்டர் லிஃப்டில் சங்கிலி போட்டும் மூக்கைத் தூக்கலாம். தூக்கி, முட்டில் உட்கார வைத்து, சங்கிலியைக் கழற்றி, அப்புறம் கொக்கியில் மாட்டுங்கள். லிஃப்டிலேயே கட்டி டிரைலரை இழுக்காதீர்கள். டிராக்டரின் முன்சக்கரம் எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

6. டிராக்டர் பின்னால் வரும்போது நடுவில் யாரும் நிற்கக் கூடாது. நின்ற பிறகு, பிரேக் போட்ட பிறகு, டிரைவரே இறங்கி வந்து பின்னைப் போடட்டும். அவசரத்தில் போகிற விரல் திரும்பி வராது.

நம் கோரிக்கைகள்

மத்திய அரசே! ஸ்டாண்டு இல்லாத டிரைலரை விற்கத் தடை செய்! 1983 சட்டத்தின் கீழ் அறிவிக்கை வெளியிடு!

மாநில அரசே! மானியத்தில் டிராக்டர் கொடுக்கும்போது ஸ்டாண்டும் ஜாக்கியும் சேர்த்துக் கொடு! வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் வண்டிகளில் முதலில் பொருத்து!

கூட்டுறவுச் சங்கமே! ஊருக்கு ரெண்டு ஜாக்கி பொதுவில் வாங்கி வை!

தேய்ந்த இடுப்பையும் வேலையில் வந்த காயம் என்று ஏற்று, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உதவித்தொகை வழங்கு!

டிரைலர் உரிமையாளர்களுக்கும் நேரடியாகச் சொல்கிறோம். நீங்களும் நம்ம ஊர்க்காரர்கள்தான், அண்ணன் தம்பிகள்தான். உங்கள் மேல் பகை இல்லை. ஆனால் இனிமேல் முட்டு இல்லாத டிரைலரை நம்ம ஆட்கள் கையால் தூக்க மாட்டார்கள். பட்டறையில் ஒரு நாள் விட்டால் பழைய டிரைலருக்கும் ஸ்டாண்டு வைத்து வெல்டு அடித்துவிடலாம். செலவு பாதி வேண்டுமானால் பேசுவோம், சங்கம் உட்காரும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் போராட்டமா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நிலத்தை அடகு வைத்தால் மீட்கலாம், நகையை அடகு வைத்தால் மீட்கலாம், இடுப்பை எந்தக் கடையில் மீட்பது?

வரும் ஞாயிறு மாலை மலையடி ஆலமரத்தடிக்கு வாருங்கள். கடப்பாரையும் ஜாக்கியும் கொண்டுவருகிறேன், மாட்டிக் காட்டுகிறேன். அங்கேயே கையெழுத்து வாங்கி, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மதுரை கலெக்டர் ஆபீசுக்கு எல்லாரும் சேர்ந்து போவோம். நடக்க முடியாதவர்களும் வாருங்கள். நீங்கள்தான் நம் முதல் சாட்சி!

டிரைலருக்கு முட்டு வை! உழவன் முதுகை விட்டு வை!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
கீழக்குயில்குடி கிளை.